பாதயாத்திரையில் கைபேசி: சேலத்திலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்கழி பாதி கடந்துவிட்டால் எங்கள் தெருவில் இரண்டே பேச்சுதான்: கால் தாங்குமா, லீவு கிடைக்குமா. சேலம் அம்மாபேட்டையிலிருந்து தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கு நடந்து போகும் சிறிய குழு எங்களுடையது. அறுபது பேர், ஐந்து நாள், ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சில ஆண்டுகளாக மூன்றாவதாக ஒரு பேச்சும் சேர்ந்துகொண்டது. வழியெல்லாம் குப்பை போடாமல், சோற்றை வீணாக்காமல், டீசலை வெட்டியாக எரிக்காமல் போய்வருவதற்கு இந்தப் போன் ஏதாவது உதவுமா என்று மற்றக் குழுக்காரர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதி வைத்துவிடுகிறேன்.

நடந்து போகிறவனுக்குப் போன் எதற்கு? நம் தாத்தா போன் வைத்துக்கொண்டா நடந்தார்?

தாத்தாவிடம் போன் இல்லை. அவர் நடந்த சாலையில் காகிதக் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் இல்லை. கட்டுச்சோறு கொண்டுபோனார், கிணற்றில் நீர் சேந்திக் குடித்தார், சத்திரத்துத் திண்ணையில் படுத்தார். இன்றைக்குத் தைப்பூச வாரத்தில் பழனிச் சாலையில் லட்சக்கணக்கில் கூட்டம். அத்தனை பேருக்கும் சோறும் நீரும் தர வழிநெடுகப் பந்தல் போடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் எத்தனை பேர், எப்போது, எவ்வளவு பசியோடு வருவார்கள் என்று பந்தல்காரருக்குத் தெரியாது. தெரியாததால் அதிகமாகச் சமைக்கிறார், அதிகமாகக் கப் வாங்குகிறார், மிஞ்சியது சாலையோரத்துக்கு வருகிறது. நான் பார்த்த வரையில் பாதயாத்திரைக் குப்பையில் பெரும்பங்கு இந்தக் ‘தெரியாமை’யால் வருவது. அதனால் எங்கள் குழுவில் போனுக்கு முதல் வேலை, முன்னால் காத்திருப்பவரிடம் ‘இத்தனை பேர் வருகிறோம்’ என்று சொல்வது. வரைபடம், பாட்டு, படமெல்லாம் அதற்குப் பிறகு.

அப்படி என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்?

முதலில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். காங்கேயம் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் ஆண்டுதோறும் எங்களுக்கு இரவுச் சாப்பாடு. ஓர் ஆண்டு அதற்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் புதிதாக ஒரு பந்தல் முளைத்திருந்தது. சாம்பார் சாதம் சுடச்சுட, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனால், வாசலில் இரண்டு அண்டா நிறையச் சோறு. அந்த வீட்டு ஆத்தா எதுவும் பேசவில்லை. காலையில் கிளம்பும்போது வேலியோரம் கொட்டிக் கிடந்த சோற்றை நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “சொல்லியிருந்தால் பாதி அரிசிதான் போட்டிருப்பேன், கண்ணு” என்றார். அவ்வளவுதான். அந்தச் சோற்றைவிட அந்தச் சொல் எங்களுக்குக் கனமாக இருந்தது.

மறு ஆண்டு முதல், உலை வைப்பதற்கு முன் செய்தி போய்விட வேண்டும் என்பது குழுவின் சட்டம். இரவுச் சாப்பாடு என்றால் பிற்பகல் 3 மணிக்குள், காலைப் பலகாரம் என்றால் முந்தின இரவு மாவு கரைப்பதற்கு முன். செய்தியும் நீளமாக இருக்கக் கூடாது. “54 பேர். இரவு 7.30க்கு வருவோம். சாப்பாடு 48, பால் மட்டும் 6. டம்ளர், தட்டு எங்களிடம் உண்டு.” இதுதான் மாதிரி. நடுவில் இரண்டு பேர் கால் கொப்புளத்தால் பஸ் ஏறிவிட்டால் இன்னொரு செய்தி.

வயதானவர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு நீல டிக் வரும் வரை காத்திருக்காதீர்கள். கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த ஆத்தாவிடம் இன்னும் பொத்தான் போன்தான் இருக்கிறது. நாங்கள் சேதி சொல்கிறவர்களிலேயே மிக ஒழுங்காகப் பதில் சொல்பவர் அவர்தான்.

பந்தல்காரர்களின் எண்களை எப்படிச் சேர்ப்பது?

முதல் ஆண்டு நடக்கும்போதே கேட்டு வாங்குங்கள். ‘தைப்பூசம்–பள்ளிபாளையம்–நீர்மோர்’ என்று ஊரோடு சேர்த்துப் பதிந்தால் தேடுவது எளிது. வெறும் பெயரோடு பதிந்தால் அடுத்த தை வரும்போது எந்த முருகேசன் எந்த ஊர் என்று முருகனுக்கே தெரியாது.

டம்ளர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்குங்களேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு நாளில் நான்கு முறை டீயோ காபியோ, ஆறு முறை தண்ணீரோ மோரோ குடிக்கிறார். பத்துக் கப். அறுபது பேருக்கு அறுநூறு. ஐந்து நாளில் மூவாயிரம். இது ஒரு சிறு குழு மட்டும். காகிதக் கப்தானே, மக்கிவிடும் என்று நினைக்காதீர்கள். சூடான டீ ஊறிப் போகாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களில் இந்தப் பூசிய கப்பும் ஒன்று, தண்ணீர்ப் பாக்கெட்டும் ஒன்று. தடை தாளில் இருக்கிறது, கப் சாலையில் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் குழுக்காரர் ஒருவர் அறுபது எவர்சில்வர் டம்ளர்களின் விளிம்புக்குக் கீழே ஒரு துளை போட்டுக் கொடுத்தார். அதில் மஞ்சள் கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறோம். நடக்கும்போது மணி போல இடித்துக்கொண்டே வரும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், மூன்றாம் நாள் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் யாரோ பின்தங்கிவிட்டார் என்று தெரிந்துவிடும்.

இதில் போன் எங்கே வந்தது என்றால், டம்ளர் கொண்டுவருகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னால்தான் பந்தல்காரர் கப் வாங்காமல் இருப்பார். சொல்லாமல் போய் நின்றால் அவர் கையில் ஏற்கெனவே ஊற்றிய கப் இருக்கும். “சாமி, வேண்டாம் என்று சொல்லாதீர்கள்” என்பார். வாங்கித்தான் ஆக வேண்டும்.

குப்பைக்கூடை வைத்தால் போதாதா?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஓர் ஆண்டு இரண்டு இளைஞர்களிடம் வேலை கொடுத்தோம்: கப்புகள் குவிந்து கிடக்கும் இடத்தையெல்லாம் போனில் படம் எடுத்து, வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள் என்று. இடம் பதியும் வசதியைக் கேமராவில் இயக்கிவிட்டால் படத்தோடு இடமும் பதிந்துவிடும். இரவு தங்கும் மடத்தில் உட்கார்ந்து புள்ளிகளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பந்தல் வாசலில் குப்பையே இல்லை. அங்கே வைத்த கூடையும் காலி. பந்தலைத் தாண்டி ஏறக்குறைய இருநூறு காலடி வைத்தபின் தொடங்கி, அதற்கப்புறம் கொஞ்ச தூரம் வரை சாலையோரமெல்லாம் கப்.

காரணம் எளிது. பாதயாத்திரைக்காரர் நின்று குடிப்பதில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்ற பயம். டீயை வாங்கிக்கொண்டே நடக்கிறார். சூடு ஆறிக் குடித்து முடிக்க இருநூறு, முந்நூறு காலடி ஆகிறது. அங்கே கூடை இல்லை, கை தானாக விடுகிறது. மறு ஆண்டு அந்தப் புள்ளிகளைப் பந்தல்காரர்களுக்கு அனுப்பி, ஒரு பழைய சாக்கை இருநூறு காலடி தள்ளிப் புளியமரத்தில் கட்டச் சொன்னோம். கட்டிய இடங்களில் சாக்கு நிறைந்தது.

நான் இத்தனை ஆண்டு நடந்ததில் போன் செய்த மிக உருப்படியான வேலை இது என்பேன். ஆனால் போன் புள்ளிதான் வைத்தது. ஏன் என்று யோசித்தது கொப்புளம் வந்த இரண்டு கால்கள்.

கூடவே வரும் வண்டி?

பைகளையும் அடுப்பையும் முடியாதவர்களையும் ஏற்றிக்கொள்ள ஒரு டெம்போ உண்டு. முன்பெல்லாம் அது எங்கள் முதுகுக்குப் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து வரும். புகை எங்கள் மூக்கில், டீசல் கணக்கு எங்கள் தலையில், பின்னால் வரும் லாரிக்காரரின் கோபம் தனி. இப்போது வண்டி அடுத்த நிறுத்தத்துக்குப் போய் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறது. குழுவின் தலையில் நடப்பவரும் வாலில் நடப்பவரும் மட்டும் வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிர்கிறார்கள். 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று கால அளவு கேட்கும். ஒரு மணியைத் தேர்ந்தெடுங்கள், தேவைப்பட்டால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓட்டுநர் இரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொள்வார். வால் புள்ளி நெடுநேரம் அசையாமல் நின்றால் மட்டும் திரும்பி வருவார்.

முதல் ஆண்டு வழியில் இரண்டு முறை டீசல் போட்டோம். இப்போது சேலத்தில் நிரப்பியதே பழனி வரை வருகிறது.

அறுபது பேரும் போன் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், ஆனால் அணைத்துப் பையில் வைக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு போன் என்று ஆறு மட்டும் இயங்கும். அறுபதும் இயங்கினால் இரவில் மடத்தில் ஒரே பிளக்கைச் சுற்றி அறுபது பேர் நிற்பார்கள். முருகனை நினைக்க வேண்டிய நேரத்தில் சார்ஜரை நினைப்போம்.

சார்ஜ் எப்படித் தாங்குகிறது?

5,000 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவு) போன் ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். சார்ஜைக் குடிப்பது பெரும்பாலும் திரையும், சிக்னலைத் தேடுவதும். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடிக் களைக்கிறது. அந்த மாதிரி இடங்களில் விமானப் பயன்முறையில் போடுங்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிடமிருந்து வருவது, அதற்குச் சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டார்ச்சுக்குப் போனைப் பயன்படுத்தாதீர்கள். தனி டார்ச் வாங்குங்கள்.

பவர் பேங்க் வாங்கும்போது ஏமாறாதீர்கள். 10,000 என்று போட்டிருந்தால் 5,000 போனை இரண்டு முறை நிரப்பும் என்று மனக்கணக்குப் போடுகிறோம். உள்ளே இருக்கும் செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ஒன்றேகால், ஒன்றரை முறை கிடைத்தால் மகிழுங்கள்.

டீக்கடையில் பிளக் கேட்கத் தயங்குகிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய நாற்பது போன்களை முழுதாக நிரப்பலாம். கடைக்காரருக்கு ஆகும் செலவு காசுக் கணக்குதான். ஆனாலும் டீ குடித்துவிட்டுக் கேட்பதே மரியாதை.

முதுகில் மாட்டும் சோலார் தகடு?

வாங்கினோம். காலை 3 மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் பாதித் தூரத்தை முடித்துவிடுகிறவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. மிச்ச நேரத்திலும் முதுகு சூரியனைப் பார்த்து நிற்பதில்லை. இப்போது அது வண்டியின் கூரையில் இருக்கிறது.

எந்தச் செயலியை இறக்க வேண்டும்?

புதிதாக எதுவும் வேண்டாம் என்பதே என் கட்சி. வரைபடத்தில் சேலம் முதல் பழனி வரையுள்ள பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்ககிரி, ஈரோடு, காங்கேயம், தாராபுரம் என்று தங்கும் ஊர்களுக்குப் புள்ளி வையுங்கள். குடிநீர்க் குழாய், கழிப்பறை, மருத்துவமனை ஆகியவற்றுக்கும் புள்ளி வையுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. குழுவில் பெண்கள் இருந்தால் இந்தப் புள்ளிகள்தான் வரைபடத்திலேயே மிக முக்கியம். சாலையோரத்தையும் வாய்க்கால் கரையையும் நாறடிக்காமல் நடக்க இதைவிட வழியில்லை.

புதுப் போனும் வேண்டாம். அலமாரியில் தூங்கும் பழைய போனில் வரைபடத்தை இறக்கிச் சிம் இல்லாமலே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் வால்காரர் வழி பார்க்க வைத்திருப்பது திரை விரிசல் விட்ட ஒரு கிழட்டுப் போன். இன்றுவரை வழி தவறியதில்லை.

போன் இல்லாத பெரியவர்கள் தவறிவிட்டால்?

மஞ்சள் துணிப்பையின் உட்புறத்தில் குழுத்தலைவர் எண்ணை அழியாத மையால் எழுதிவிடுங்கள். அவசரத்துக்கு 108, 112. இரவில் நடப்பவர்கள் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும், எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்புறமாக நடக்க வேண்டும், காதில் எதையும் மாட்டக் கூடாது. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

பெண்கள் இருப்பிடத்தைப் பகிர்வது பாதுகாப்பா?

குழுவுக்குள் மட்டும், நடக்கும் நேரத்தில் மட்டும். வந்துபோகும் அறிமுகமில்லாதவர்களையெல்லாம் சேர்த்த பெரிய குழுவில் பகிராதீர்கள். யாத்திரை முடிந்ததும் அந்த வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் ஆடி வரை காலை வணக்கப் படங்கள் வந்துகொண்டே இருக்கும், அது வேறு.

எடப்பாடிக் காவடிக்காரர்கள் இதெல்லாம் இல்லாமலே ஒழுங்காகப் போகிறார்களே?

சரியான கேள்வி. தைப்பூசம் முடிந்தபின் எடப்பாடியிலிருந்து காவடியோடு பழனிக்குப் பெருந்திரளாக நடந்து வருகிறவர்கள் அவர்கள். மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் உண்டு. டன் கணக்கில் பஞ்சாமிர்தத்தை அங்கேயே தயாரிக்கிறார்கள். அத்தனை வாழைப்பழமும் சர்க்கரையும் எத்தனை பேருக்கு என்ற கணக்கு இல்லாமல் அது நடக்குமா? தலைமுறை தலைமுறையாக ஆள் கணக்கு அவர்களுக்குப் பழகிவிட்டது. எங்களைப் போல நேற்று முளைத்த குழுக்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, போன் தேவைப்படுகிறது. உங்கள் குழுவில் அப்படி ஒரு பெரியவர் கணக்கு வைத்திருந்தால் போனை அவர் கையில் கொடுங்கள், அவரை ஓரங்கட்டிவிடாதீர்கள்.

ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு இது பொருந்துமா?

பாதி பொருந்தும். வைகாசித் திருவிழாவின்போது அடிவாரத்திலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் உண்டு. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் அந்த உச்சி 1,623 மீட்டர். சமவெளிச் சாலையைப் போல அடிக்கு அடி பந்தல் இல்லாததால் சோறு வீணாவது குறைவு. ஆனால் மேலே கொண்டுபோனது கீழே வரவேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குரங்குகள் காத்திருக்கின்றன. நீங்கள் விட்டுவிட்டு வரும் பிஸ்கட் உறையை அவை பிரித்து மேயும். சில வளைவுகளில் சிக்னல் வரும், அடுத்த வளைவில் போய்விடும். அதனால் வரைபடத்தை அடிவாரத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள், ஆள் எண்ணிக்கையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு ஏறுங்கள். மாலை மங்கினால் காட்டெருமை நடமாட்டம் உண்டு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். மலைவாழ் மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் அவர்களோடு நடக்க வாய்ப்புக் கிடைத்தால், அந்தத் தடத்தைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றாதீர்கள். ஒரு தடம் வெளியே போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நூறு பேர் நிற்பார்கள். அது வனம், நம் புழக்கடை இல்லை.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

ஸ்பெயினின் சந்தியாகோ நடைவழியில் 1984-இல் எலியாஸ் வலீன்யா என்ற பாதிரியார் வழியெங்கும் மஞ்சள் அம்புக்குறி தீட்டினார். இன்றும் பலர் அதைப் பார்த்தே நடக்கிறார்கள். 2024-இல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் சந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் பெற்றார்கள். அங்கே போன் பெரிதும் உதவுவது அடுத்த விடுதியில் படுக்கை இருக்கிறதா என்று பார்க்க. மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு நடைப்பயணமாகப் போகும் பல்லக்கு புனே நகருக்குள் வரும்போது, அது எங்கே இருக்கிறது என்று மக்கள் போனிலேயே பார்க்க முடிகிறது. ஊர் எதுவானாலும் காத்திருப்பவருக்குச் சேதி சொல்வதே வேலை.

வழியில் படம் பிடித்துப் போடலாமா?

உங்கள் விருப்பம். அலகு குத்தியவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாமல் இருந்தால் சரி.

பழனி மலைமேல் போனுக்குத் தடையாமே?

ஆம். தமிழகக் கோயில்களில் போனுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைக்கோயிலில் தடை நடைமுறையில் இருக்கிறது. அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் வருத்தமே இல்லை.

கொடுப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. சோறு போட்ட, தண்ணீர் கொடுத்த, திண்ணை தந்த ஒவ்வொருவருக்கும் “58 பேர் நல்லபடியாக வந்து சேர்ந்தோம்” என்று ஒரு வரி. தோட்டத்து ஆத்தாவுக்கு மட்டும் அழைப்பு. பிறகு ஆறு போன்களையும் ஒரே துணிப்பையில் போட்டு ஒருவர் கொடுத்து டோக்கன் வாங்குவார்.

ஓர் ஆண்டு டோக்கன் வாங்கியவர் முடியிறக்கப் போகும்போது சட்டையைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டார். டோக்கன் சட்டைப்பையில். அந்தச் சட்டையைத் தேடி அடிவாரம் முழுக்க ஒன்றரை மணி நேரம் அலைந்தோம். கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் கையில் போனும் இல்லை. இப்போது டோக்கனை அவருடைய டம்ளர்க் கயிற்றிலேயே முடிந்துவிடுகிறோம்.